வெள்ளைக்காரப் பெண் என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள்

உங்கள் கேள்வியை நேற்றே படித்தேன். பாதியில் நிறுத்தி, இன்று காலை மறுபடி படித்துவிட்டு எழுதுகிறேன். சேலத்திலிருந்து எழுதியிருக்கிறீர்கள். தம்பி அயர்லாந்தில் ஐ.டி. வேலையில் இருக்கிறார், அங்கே ‘டிராவலர்’ என்கிற, பரம்பரையாக ஊர் ஊராகப் போய்ப் பிழைத்த சமூகத்துப் பெண்ணைக் கல்யாணம் செய்யப் போகிறார். முன்பணம் வாங்கிய ஹோட்டல், பெண்ணின் குடும்பப் பெயர் தெரிந்த மறுநாளே ‘அந்தத் தேதியில் இடமில்லை’ என்று மெயில் அனுப்பிவிட்டது. ஆபீஸில் கூட இருப்பவர்கள் ‘திருட்டுக் கூட்டம், மாட்டிக்காதே’ என்கிறார்கள். அம்மா ‘நரிக்குறவர் வீட்லயா பொண்ணு எடுக்கணும்’ என்று அழுகிறார். இவ்வளவும் சொல்லிவிட்டு, ‘டிராவலர்கள் யார், நம்பலாமா?’ என்று கடைசியில் கேட்டிருக்கிறீர்கள். நீங்கள் கேட்க வந்தது அது இல்லை என்று தோன்றுகிறது. தம்பி பக்கம் நின்றால் அவரோடு சேர்ந்து நம் வீட்டுக்கும் இந்தப் பெயர் ஒட்டிக்கொள்ளுமா என்பதுதானே உள்ளே உறுத்துகிறது? இரண்டுக்கும் முடிந்தவரை சொல்கிறேன்.

நான் நாகர்கோவில்காரி. 2003-இல் நர்ஸாக அயர்லாந்து வந்தேன். முதலில் ஆஸ்பத்திரி வார்டு, பிறகு மேலே படித்துப் பொது சுகாதார நர்ஸ். நம்மூர் கிராம சுகாதார நர்ஸ் மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள்: பிரசவமாகி வீட்டுக்கு வந்த தாயையும் பிள்ளையையும் போய்ப் பார்ப்பது, எடை போடுவது, தடுப்பூசி நாளை ஞாபகப்படுத்துவது. என் வட்டாரத்தில் இரண்டு டிராவலர் சைட்டுகள் இருந்தன, அதாவது டிரெய்லர் வண்டிகளையே வீடாக நிறுத்திக் குடியிருக்கும் இடங்கள். பன்னிரண்டு வருஷம் போய்வந்திருக்கிறேன். நான் வக்கீல் இல்லை. உங்கள் தம்பியையோ அந்தப் பெண்ணையோ எனக்குத் தெரியாது. ஆகவே இந்தக் கல்யாணம் நிலைக்குமா என்று ஜோசியம் சொல்ல முடியாது. பார்த்ததையும் படித்ததையும் மட்டும் சொல்கிறேன்.

உறுதியாகத் தெரிந்ததிலிருந்து தொடங்குகிறேன். ஐரிஷ் டிராவலர்கள் ஜிப்ஸிகள் அல்ல. ஐரோப்பாவின் ரோமா மக்கள்தான் வட இந்தியாவிலிருந்து போனவர்கள். ‘ஜிப்ஸின்னா நம்மாளுங்கதானே’ என்று நம் ஆட்கள் வாட்ஸ்அப்பில் பெருமைப்படுவது இவர்களுக்குப் பொருந்தாது. இவர்கள் அயர்லாந்து மண்ணின் மக்களே என்றும், மற்ற ஐரிஷ்காரர்களிடமிருந்து சுமார் 360 ஆண்டுகளுக்கு முன்பு பிரிந்தவர்கள் என்றும் 2017-இல் வெளியான மரபணு ஆய்வு காட்டியது. ஏன் பிரிந்தார்கள் என்பதற்கு ஆளுக்கொரு கதை. 1650 வாக்கில் இங்கிலாந்திலிருந்து வந்த குரோம்வெல் படை நிலத்தைப் பிடுங்கியதால் தெருவுக்கு வந்தவர்கள் என்பார்கள். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்சத்தில் வீடிழந்தவர்கள் என்பார்கள். பஞ்சக் கதை காலக்கணக்கில் இடிக்கிறது. மற்றது ஊகம். தங்களுக்குள் பேசிக்கொள்ள ‘கேன்ட்’ என்று ஒரு மொழி வைத்திருக்கிறார்கள். டிராவலர் அல்லாத நம்மையெல்லாம் ‘கன்ட்ரி பீப்பிள்’ என்பார்கள். டப்ளின் நகரத்தின் நட்டநடுவில் பிறந்தவராக இருந்தாலும் அவர்களுக்கு அவர் கன்ட்ரிதான். 2022 கணக்கெடுப்பில் அயர்லாந்தில் 32,949 பேர், நூற்றுக்கு ஒருவர்கூட இல்லை. தனி இனக்குழு என்று அரசு ஏற்றுக்கொண்டதே 2017 மார்ச் 1-ஆம் தேதிதான். பிரதமராக இருந்த எண்டா கென்னி நாடாளுமன்றத்தில் அறிவித்தார். அன்று நான் போன டிரெய்லர் ஒன்றில் கிழவி ஒருத்தி டி.வி. முன்னால் அழுதுகொண்டிருந்தாள். ஏன் என்று கேட்டேன். ‘எங்க அப்பன் இருந்து பார்த்திருக்கணும்’ என்றாள்.

அந்த அப்பனின் தொழில் தகர வேலை. வாளி, பால் குவளை செய்வது, ஓட்டைப் பாத்திரம் அடைப்பது. நம் தெருவில் ‘ஈயம் பூசறதூ’ என்று கூவிக்கொண்டு வருபவரை உங்கள் அம்மா நிச்சயம் பார்த்திருப்பார். ஏறக்குறைய அதே பிழைப்பு. கூடவே குதிரை வியாபாரம், அறுவடைக் கூலி. 1950, 60-களில் பிளாஸ்டிக் வாளி வந்தது, டிராக்டர் வந்தது, இரண்டு பிழைப்பும் போயின. பட்டணத்து ஓரங்களில் வந்து நின்றார்கள். 1963-இல் அரசு ஆணையம் ஒன்று அறிக்கை கொடுத்தது. அது இவர்களை ஒரு பிரச்சினையாகவே பார்த்து, பொதுச் சமூகத்தில் கரைத்துவிடுவதே தீர்வு என்றது. அதற்குப் பிறகு வந்த எல்லாத் திட்டத்திலும் அந்த வாடை உண்டு. 2002 சட்டத்துக்குப் பிறகு அனுமதியில்லாமல் பிறர் நிலத்தில் வண்டியை நிறுத்திக் குடியிருப்பதே குற்றமாகலாம். 2016 கணக்கின்படி கேரவனிலோ மொபைல் வீட்டிலோ வாழ்ந்தவை எட்டில் ஒரு குடும்பத்துக்கும் குறைவு. உங்கள் தம்பி மனைவி பிறந்ததிலிருந்து ஒரே கவுன்சில் வீட்டில் (உள்ளாட்சி வாடகைக்குத் தரும் வீடு) வளர்ந்தவராகக்கூட இருக்கலாம். ஆனாலும் டிராவலர்தான், பாண்டிச்சேரியிலேயே பிறந்து வளர்ந்தாலும் ‘எங்களுக்குச் சொந்த ஊர் செட்டிநாடு’ என்று சொல்கிற மாதிரி.

ஆபீஸ்காரர்கள் சொல்வதில் உண்மையே இல்லையா என்று கேட்பீர்கள். இருக்கிறது. சிறையில் டிராவலர்களின் பங்கு அவர்கள் எண்ணிக்கையைவிடப் பல மடங்கு. சில குடும்பங்களுக்குள் தலைமுறை தாண்டிய பகை உண்டு. அது கல்யாண வீட்டிலும் கல்லறையிலும் வெடிப்பதுண்டு. மறைத்துப் பிரயோஜனமில்லை. ஆனால் நான் பன்னிரண்டு வருஷம் தனியாக, எடை போடும் மிஷினும் பையுமாகப் போய்வந்த இடம் அது. ஒரு பொருள் தொலைந்ததில்லை. பகை எந்தக் குடும்பத்தில் என்பது அங்கே எல்லோருக்கும் தெரியும். தம்பி அந்தப் பெண்ணிடமே நேராகக் கேட்கலாம், சொல்வாள். மற்றபடி அந்தச் சமூகத்தில் எண்ணிக்கை கூடுதலாக இருப்பது அகால மரணம்தான். 2010-இல் வந்த தேசிய டிராவலர் உடல்நல ஆய்வில் ஆண்களின் சராசரி ஆயுள் 61.7, மற்ற ஆண்களைவிட 15 வருஷம் குறைவு. பெண்களுக்கு 70.1. தற்கொலை ஆறு மடங்கு. 2015 அக்டோபரில் தெற்கு டப்ளினில் கேரிக்மைன்ஸ் என்ற இடத்தில் சைட் தீப்பிடித்து, குழந்தைகள் உட்பட பத்துப் பேர் இறந்தார்கள். பிழைத்தவர்களைத் தற்காலிகமாகக் குடிவைக்கப் பார்த்த இடத்தில், அக்கம்பக்கத்தார் வழியை மறித்து நின்றார்கள். அடக்கம்கூட முடியவில்லை அப்போது.

ஆனால் உங்கள் தம்பி தினமும் பார்க்கப்போவது இவ்வளவு பெரிதாக இருக்காது. ஒரு நாள் நடந்ததைச் சொல்கிறேன். சைட்டில் ஒரு பெண், இருபத்தாறு வயது. மகளுக்குப் புதுநன்மை (கத்தோலிக்கப் பிள்ளைகள் முதன்முதலில் நற்கருணை வாங்கும் விழா), வெள்ளை ஷூ வாங்க வந்த கடையில் நானும் இருந்தேன், பேசிக்கொண்டே சேர்ந்து நடந்தோம். இரண்டாவது வரிசைக்குப் போவதற்குள் செக்யூரிட்டி பின்னால் வந்துவிட்டார். எனக்குச் சுரீர் என்றது. கறுத்த தோல், வேறென்ன என்று நினைத்தேன். அவள் திரும்பிக்கூடப் பார்க்காமல், ‘உங்களை இல்ல நர்ஸ், என்னைத்தான்’ என்றாள். அப்புறம்தான் கவனித்தேன். கைப்பையின் ஜிப்பை முழுக்க இழுத்து மூடி, வயிற்றுக்கு முன்னால் எல்லோர் கண்ணிலும் படும்படி பிடித்திருந்தாள். கோட் பாக்கெட்டில் ஒரு முறைகூடக் கை விடவில்லை. பிள்ளை ஒரு ஹேர்பேண்டைத் தொடப் போனது. ‘கை’ என்று ஒரே சொல். அது உடனே இரண்டு கையையும் பின்னால் கட்டிக்கொண்டது. ஏழு வயது. ஷூ வாங்கி, ரசீதைக் கையில் நீட்டிப் பிடித்துக்கொண்டே வாசல்வரை நடந்தாள்.

தம்பிக்கு இதில் ஒரு சௌகரியம் இருக்கிறது, அதைத்தான் ஆபத்து என்கிறேன். அவர் ஒளிந்துகொள்ளலாம். தமிழ் நண்பர்களுக்கும் ஆபீஸுக்கும் ‘ஒய்ஃப் ஐரிஷ்’ என்றால் போதும், மேலே ஒருவரும் கேட்க மாட்டார்கள். வார்ட், மெக்டோனா, கானர்ஸ், மோகன் என்ற குடும்பப் பெயர்களைக் கேட்டதும் உள்ளூர்க்காரர் காது விறைக்கும் (இதே பெயர்கள் டிராவலர் அல்லாதவர்களுக்கும் ஏராளம், அது வேறு வேடிக்கை). கல்யாணத்துக்குப் பிறகு அவள் உங்கள் அப்பா பெயரையோ தம்பி பெயரையோ போட்டுக்கொண்டால் காகிதத்தில் தடயமே இருக்காது. போனில் வாய் திறந்தால்தான் தெரியும். நீங்களும் சேலத்தில் ‘வெள்ளைக்காரப் பொண்ணு’ என்று சொல்லிச் சமாளித்துவிடலாம். பத்திரிகை அடித்து, போட்டோ காட்டி, பெருமைகூடப் பட்டுக்கொள்ளலாம். கலப்புக் கல்யாணம் நாலைந்து பார்த்திருக்கிறேன். அதில் ஒரு வீட்டில் புருஷன் ஐரிஷ்காரர், நல்ல மனுஷன், அடித்ததில்லை, திட்டியதில்லை. வேலையிடத்து விருந்துக்கு மட்டும் அவளைக் கூட்டிப்போக மாட்டார். அவள் அம்மா வந்தால் காரை அடுத்த தெருவில் நிறுத்தச் சொல்வார். பிள்ளை பெற்று ஆறாவது வாரம் நான் போனபோது, அவள் என்னிடம் தன் சொந்த ஊர் பெயரைக்கூட மாற்றிச் சொன்னாள். அந்த வீடு இரண்டு வருஷம் தாங்கியது.

மறைப்பதால் உடம்புக்கும் கெடுதல் வரும். கேலக்டோசீமியா என்று ஒரு பிறவிக் குறைபாடு. பாலில் உள்ள சர்க்கரையைக் குழந்தையால் உடைக்க முடியாது, கவனிக்காவிட்டால் கல்லீரல் கெட்டு உயிருக்கே ஆபத்து. டிராவலர்களிடம் இது ஏறக்குறைய 480 பிறப்புக்கு ஒன்று; மற்ற ஐரிஷ்காரர்களிடம் 30,000-க்கு ஒன்று என்கிற அளவில். நெருங்கிய சொந்தத்தில் கல்யாணம், சின்னச் சமூகம், வேறொன்றுமில்லை. இரண்டு பெற்றோரும் அந்த மரபணுவைச் சுமந்தால்தான் குழந்தைக்கு வரும் என்பதால் உங்கள் தம்பி பிள்ளைக்கு வாய்ப்பு மிகக் குறைவு. ஆனாலும் அயர்லாந்தில் டிராவலர் குழந்தைகளுக்குப் பிறந்த உடனே இதற்கென்று ஒரு ரத்தப் பரிசோதனை செய்து, முடிவு வரும்வரை லாக்டோஸ் இல்லாத பால் கொடுப்பார்கள். தாய் டிராவலர் என்று மிட்வைஃபுக்குத் தெரிந்தால்தானே செய்வார்கள்? கர்ப்பத்திலேயே சொல்லி, அந்த ஆஸ்பத்திரியில் என்ன நடைமுறை என்று கேட்டுவைக்கச் சொல்லுங்கள். அப்போது உங்கள் அம்மா இங்கே வந்திருந்தால் இன்னொன்று: சேனை வைக்கிறேன் என்று தேனையோ சர்க்கரைத் தண்ணீரையோ நாக்கில் தடவ வேண்டாம். அது எந்த இனக் குழந்தைக்குமே கூடாது.

ஹோட்டல் விஷயம். இங்கே ஈக்வல் ஸ்டேட்டஸ் சட்டம் 2000-இலிருந்து இருக்கிறது. சேவை மறுப்பதற்குக் காரணமாகக் கூடாதவை என்று சொல்லும் பட்டியலில் மதம், நிறம், வயது என்பவற்றோடு டிராவலர் சமூகம் என்பதும் தனியாகப் பெயர் சொல்லியே இருக்கிறது. அவர்களோடு தொடர்புடையவர் என்பதற்காக மறுத்தாலும் குற்றம்தான்; அதனால் தம்பியும் தன் பெயரிலேயே புகார் கொடுக்கலாம். முறை இது: நடந்த இரண்டு மாதத்துக்குள் ஹோட்டலுக்கு எழுத்தில் தெரிவிக்க வேண்டும், அதற்கென்று ஒரு படிவம் உண்டு. பதில் திருப்தியில்லை என்றால், நடந்த ஆறு மாதத்துக்குள் வொர்க்பிளேஸ் ரிலேஷன்ஸ் கமிஷனில் புகார் (பெயர் அப்படி இருந்தாலும் இந்த மாதிரிப் பாகுபாட்டுப் புகாரையும் விசாரிக்கும் அரசு அமைப்பு அது). இழப்பீடு அதிகபட்சம் 15,000 யூரோ. சிக்கல் ஒன்று இருக்கிறது. மது உரிமம் உள்ள இடத்துக்குள்ளோ அதன் வாசலிலோ மறுத்தால் வழக்கு 2003-இலிருந்து மாவட்ட நீதிமன்றத்துக்குப் போகிறது. மெயிலில் ரத்து செய்த கல்யாண புக்கிங் எந்தப் பக்கம் என்பதை வக்கீல்தான் பார்த்துச் சொல்ல வேண்டும். ஃப்ளாக் என்ற இலவச சட்ட உதவி அமைப்பில் டிராவலர்களுக்கென்றே ஒரு பிரிவு இருக்கிறது. டப்ளினில் பவீ பாயின்ட், ஐரிஷ் டிராவலர் மூவ்மென்ட் இரண்டும் பழைய அமைப்புகள், போன் செய்தால் வழி சொல்வார்கள். ஜெயிக்குமா என்று கேட்டால், ஹோட்டல் ‘கம்ப்யூட்டர் தவறு’ என்றுதான் சொல்லும். முன்பணம் கட்டிய நாள், பெயர் கொடுத்த நாள், ரத்தான நாள் மூன்றும் வரிசையாகக் காகிதத்தில் இருந்தால் அந்தப் பொய் கஷ்டப்படும். வேறு குடும்பப் பெயருள்ள நண்பர் ஒருவர் அதே தேதிக்கு இடம் கேட்டு மெயில் அனுப்பி, ‘இருக்கிறது’ என்று பதில் வந்தால் அதையும் சேர்த்து வையுங்கள்.

பெண் வீட்டார் பக்கம் நீங்கள் யோசித்திருக்க மாட்டீர்கள். அவர்களும் இப்போது கவலையில்தான் இருப்பார்கள். ‘கன்ட்ரி’க்குப் பெண்ணைக் கொடுப்பது அங்கே சின்ன விஷயமில்லை. சித்தப்பா, பெரியப்பா பிள்ளைகளுக்குள்ளேயேகூடக் கட்டிக்கொள்கிறவர்கள் அவர்கள். நமக்கு அது அண்ணன் தங்கை முறை, அத்தை மகனையும் மாமன் மகளையும்தான் கட்டுவோம். மகளை இந்தியாவுக்குக் கொண்டுபோய்விடுவானோ என்பதுதான் அந்த அம்மாவின் பயமாக இருக்கும். அதற்கு உங்கள் வாயிலிருந்து ஒரு பதில் போனால் பாதிச் சண்டை குறையும். கல்யாணத்துக்கு முன்னால் சேர்ந்து வாழ்வது அங்கே நினைத்தும் பார்க்க முடியாத காரியம். பெண்ணைத் தனியாக வெளியே அனுப்புவதற்கே யோசிப்பார்கள். உங்கள் அம்மா இதைக் கேட்டால் கொஞ்சம் தெளிவார் என்று நினைக்கிறேன். சர்ச்சில் கல்யாணம் என்றால் (அவர்கள் பெரும்பாலும் கத்தோலிக்கர்கள்), இந்து மாப்பிள்ளைக்கு ஆயரின் (பிஷப்பின்) அனுமதி வாங்க வேண்டும். அந்த சர்ச்சின் பாதிரியாரிடம் இப்போதே பேசச் சொல்லுங்கள்.

வீட்டுக்குப் போனால் வாசலில் செருப்பைக் கழற்றச் சொல்லிக் கொடுக்கத் தேவையில்லை, நமக்குத் தெரியும். அதைப் பார்த்தே அவர்கள் பாதி இளகிவிடுவார்கள். நான் போன டிரெய்லர்களில் பாத்திரம் கழுவ ஒரு பேசின், கை கழுவ வேறு பேசின். தெரியாமல் மாற்றிக் கையை விட்டுவிட்டேன் ஒரு தடவை. வீட்டுக்காரி ஒன்றும் சொல்லவில்லை. நான் கிளம்பிக் காரில் ஏறியதும் அந்தப் பேசின் வெளியே வெயிலில் கவிழ்ந்து கிடந்ததைக் கண்ணாடியில் பார்த்தேன். என் பாட்டி செய்திருப்பாள் அதை. டீ கடுங்காட்டமாக, சர்க்கரை தூக்கலாக வரும். வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். அவர்கள் வீட்டு டீயை வாங்கிக் குடிக்காத நர்ஸை அவர்கள் மறப்பதில்லை, எனக்கு முன்னால் இருந்தவரைப் பற்றி எனக்கே பத்து வருஷம் சொன்னார்கள்.

அம்மா சொன்ன அந்த வார்த்தை. அவரிடம் வாதாட வேண்டாம், இந்த வயதில் தோற்பவர் நீங்கள்தான். ஒன்றை மட்டும் யோசித்துப் பாருங்கள். நரிக்குறவர்களைப் பழங்குடிப் பட்டியலில் சேர்க்கும் சட்டத்தை நம் நாடாளுமன்றம் நிறைவேற்றியதே 2022 டிசம்பரில்தான். பஸ் ஸ்டாண்டில் பாசிமணி விற்கும் பெண் பக்கத்தில் வந்து உட்கார்ந்தால் நாம் எழுந்து தள்ளி உட்கார்ந்திருக்கிறோம், நானும்தான். அந்த ஹோட்டல்காரர் செய்தது அதே வேலை, மெயிலில். அம்மா அழுவது பெண்ணின் குணத்தைப் பார்த்து இல்லை, அவர் இன்னும் அவளைப் பார்க்கவே இல்லை. வீடியோ காலில் பேச வையுங்கள். சொந்தக்காரர்களிடம் என்ன சொல்வது என்று தம்பியும் அந்தப் பெண்ணும் நீங்களும் உட்கார்ந்து முடிவு செய்யுங்கள்; அவளைக் கேட்காமல் அவளை ‘வெள்ளைக்காரி’ ஆக்கிவிடாதீர்கள். சில பெண்கள் தாங்களே சொல்ல வேண்டாம் என்பார்கள். அது அவள் இஷ்டம், உங்கள் இஷ்டம் இல்லை.

ஹோட்டல் மெயில் வந்த தேதியை நீங்கள் எழுதவில்லை. தம்பியிடம் அதை அழிக்காமல் வைக்கச் சொல்லுங்கள். அந்தத் தேதியிலிருந்து இரண்டு மாதம் எப்போது முடிகிறது என்று பார்த்து, அதற்கு ஒரு வாரம் முன்பாகவே கடிதம் போய்ச் சேர வேண்டும், பதிவுத் தபாலில்.